கேள்வி–பதில்: ஒரு செக்கன் கூடும்போது கணினிகள் என்ன செய்கின்றன?

வலையமைப்பின் வழியே கணினிகளின் மணிக்கூடுகள் எவ்வாறு ஒத்திசைக்கப்படுகின்றன என்று கடந்த இதழில் எழுதியபோது, 'லீப் செக்கன்' (உலகப் பொது நேரத்தோடு எப்போதாவது சேர்க்கப்படும் ஒரு மேலதிகச் செக்கன்) என்னும் விடயத்தை ஒரே வரியில் தொட்டுவிட்டு நகர்ந்திருந்தோம். அந்த ஒரு வரியைப் பற்றியே பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றிலிருந்து தெரிந்தெடுத்த கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: 2017ஆம் ஆண்டு பிறந்த காலையில் ஒரு நிமிடத்துக்கு 61 செக்கன்கள் இருந்தன என்று என் பேரன் சொல்கிறான். அப்படி உண்மையிலேயே நடந்ததா? நடந்ததென்றால், கொழும்பு நேரப்படி அது எப்போது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: பேரன் சொன்னது சரி, அம்மா. 2017 ஜனவரி முதலாம் திகதி அதிகாலையில், நம் நேரப்படி 5 மணி 29 நிமிடம் 59 செக்கன் ஆன பிறகு உடனே ஐந்தரை மணி ஆகவில்லை. 5 மணி 29 நிமிடம் 60 செக்கன் என்று ஒரு கணம் வந்தது; அதன் பிறகே 5.30 ஆனது. உலகின் பொது நேரமான யு.ரி.சி. கணக்கில் அது டிசம்பர் 31ஆம் திகதி நள்ளிரவுக்கு முந்திய கணமாகும். நாம் அந்நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னே இருப்பதால், நமக்கு அது விடியற்காலையில் வாய்த்தது.

இதற்குக் காரணம், நாம் நேரத்தை இரண்டு வழிகளில் அளப்பதுதான். ஒன்று பூமியின் சுழற்சி. மற்றொன்று, சீசியம்-133 அணு வெளியிடும் கதிர்வீச்சின் 9,192,631,770 அதிர்வுகளை ஒரு செக்கன் என்று கொள்ளும் அணு அளவை. இது 1967இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இந்தச் செக்கனின் நீளம் பழைய வானியல் அவதானிப்புகளோடு பொருந்துமாறு தெரிவுசெய்யப்பட்டதால், ஏறத்தாழ 1820ஆம் ஆண்டளவில் இருந்த நாளின் நீளத்தோடுதான் அது சரியாகப் பொருந்துகிறது. சந்திரனின் ஈர்ப்பால் எழும் வற்றுப்பெருக்குகளின் உராய்வு பூமியை நீண்ட கால நோக்கில் மெல்ல மெல்லத் தாமதப்படுத்துகிறது. நாளொன்று 86,400 அணுச் செக்கன்களைவிட ஓரிரு மில்லிசெக்கன் நீண்டுவிட்டால், அந்த வித்தியாசம் ஒன்றரை ஆண்டிலோ மூன்று ஆண்டிலோ ஒரு முழுச் செக்கனாகச் சேர்ந்துவிடுகிறது. 1972 முதல் நடைமுறையிலுள்ள இம்முறையில், இவ்விரு நேரங்களும் 0.9 செக்கனுக்கு மேல் விலகக் கூடாது என்பது இன்றைய விதி. விலகல் அந்த எல்லையை நெருங்கும்போது, ஜூன் அல்லது டிசம்பர் மாத இறுதியில் ஒரு செக்கன் சேர்க்கப்படுகிறது. பூமியின் சுழற்சியைக் கண்காணிக்கும் சர்வதேசச் சேவை, பாரிஸ் வானாய்வகத்திலிருந்து இதனை ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு முன்னரே அறிவிக்கிறது. இதுவரை 27 முறை சேர்த்தாயிற்று. உங்கள் பேரன் சொல்வதுதான் அவற்றுள் கடைசியானது.

ஒரு சிறு தகவல்: 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை நம் நாட்டு நேரம் மாற்றப்பட்டிருந்தது அல்லவா? அக்காலத்தில் வந்த மூன்று லீப் செக்கன்களும், அதாவது 1997 ஜூலை, 1999 ஜனவரி, 2006 ஜனவரி ஆகிய மாதங்களின் முதலாம் திகதிகளில் வந்தவை, கொழும்பில் ஐந்தரை மணிக்கு அல்லாமல் ஆறு மணிக்குச் சற்று முன்னதாக வந்தன.

கேள்வி: நீங்கள் குறிப்பிடும் அந்த 2006 ஏப்ரலில் நாடு முழுவதும் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னே வைத்தோம். எந்தக் கணினியும் அதனால் செயலிழந்ததாக நினைவில்லை. அரை மணித்தியாலத்தைத் தாங்கிய கணினி, ஒரு செக்கனுக்கு ஏன் தடுமாற வேண்டும்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இவ்விடயத்தின் மையமே இந்தக் கேள்விதான்; எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கணினி தன் உள்ளே கொழும்பு நேரத்தையோ இலண்டன் நேரத்தையோ வைத்திருப்பதில்லை. யுனிக்ஸ் வழிவந்த முறைமைகள் 1970 ஜனவரி முதலாம் திகதி யு.ரி.சி. நள்ளிரவிலிருந்து கடந்த செக்கன்களின் எண்ணிக்கையை ஒரே ஓர் எண்ணாக வைத்திருக்கின்றன. திரையில் நேரத்தைக் காட்டும்போதுதான் அந்த எண்ணோடு 'ஆசியா/கொழும்பு' என்னும் நேரவலய அட்டவணையின்படி ஐந்தரை மணித்தியாலம் கூட்டப்படுகிறது. 2006 ஏப்ரல் 15ஆம் திகதி மாறியது அந்த அட்டவணை மட்டுமே. உள்ளே ஓடிக்கொண்டிருந்த எண், ஒரு செக்கன்கூடப் பின்வாங்காமல் தன்பாட்டில் கூடிக்கொண்டே போனது.

லீப் செக்கனோ அந்த எண்ணையே தொடுகிறது. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஒவ்வொரு நாளுக்கும் சரியாக 86,400 செக்கன்கள் என்று விதித்துத்தான் அந்த எண்ணிக்கை வரையறுக்கப்பட்டிருக்கிறது. செக்கன்களின் எண்ணிக்கையை 86,400ஆல் வகுத்தால் திகதி கிடைத்துவிடும் என்ற எளிமைக்காக எடுக்கப்பட்ட முடிவு அது. ஆனால் 86,401 செக்கன்கள் கொண்ட ஒரு நாள் வந்தால், அந்த மேலதிகச் செக்கனுக்குக் கொடுக்க எண் இல்லை. மருத்துவரைப் பார்க்க வருவோருக்கு இலக்கத் துண்டு கொடுத்து முடித்த பிறகு, 59க்கும் 60க்கும் நடுவே ஒருவர் வந்து நின்றால், அவருக்கும் 59 என்றே எழுதிக் கொடுக்க நேர்வதைப் போன்றது இது. லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை செய்வதும் அதுதான். 2017 ஜனவரி முதலாம் திகதி பிறந்த கணத்துக்குரிய எண் 1,483,228,800. அதற்கு முந்திய எண்ணான 1,483,228,799 வந்தது, ஒரு செக்கன் ஓடியது, பின்னர் மணிக்கூடு ஒரு செக்கன் பின்னே வைக்கப்பட்டு, அதே 1,483,228,799 மீண்டும் வந்தது. கொழும்பிலுள்ள கணினித் திரையில் 5:29:59 இரண்டு முறை தோன்றியிருக்கும்; 5:29:60 தோன்றியிருக்காது.

இதனால் என்ன கேடு என்றால், முதலாவது 5:29:59இன் இறுதியில், அதாவது 59.9 செக்கனில், ஒரு பணப் பரிமாற்றம் பதிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 0.2 செக்கன் கழித்து இன்னொன்று பதிவாகிறது. இரண்டாவதின் நேரம் 59.1 என்றே எழுதப்படும். பின்னால் நடந்தது முன்னால் நடந்ததாகப் பதிவேட்டில் நிற்கும். இடையில் கழிந்த நேரத்தைக் கணிக்கும் நிரல், விடையாக எதிர் எண்ணைப் பெறும். அரை மணித்தியால மாற்றம் இவ்வாறான எதனையும் செய்யவில்லை.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் வலையமைப்பைப் பராமரிப்பவன் நான். லீப் செக்கன் வரப்போகிறது என்ற செய்தியை என்.ரி.பி. எவ்வாறு கணினிகளுக்குக் கொண்டுசெல்கிறது? செய்தி கிடைக்காத கணினி என்ன செய்யும்?
– வாசகர், கொள்ளுப்பிட்டி

பதில்: மற்ற வாசகர்களுக்காக அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்.ரி.பி. என்பது வலையமைப்பில் நேரத்தைப் பகிர்வதற்கான நெறிமுறை. அமெரிக்காவின் டெலவெயர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் உருவாக்கிய இதன் முதல் வரையறை 1985இல் வெளிவந்தது; இன்று புழக்கத்திலுள்ள நான்காம் பதிப்பு 2010இல் வரையறுக்கப்பட்டது. 2024 ஜனவரியில் அவர் காலமானார். அவருடைய உழைப்பின் பயனை நாள்தோறும் அனுபவிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அவர் பெயரை அறியமாட்டார்கள் என்பதால் இங்கு அதைக் குறிப்பிடுகிறேன்.

உங்கள் கணினி நேர வழங்கி ஒன்றுக்கு ஒரு பொதியை அனுப்புகிறது. பொதி புறப்பட்ட நேரம், வழங்கியை அடைந்த நேரம், வழங்கியிலிருந்து விடை புறப்பட்ட நேரம், விடை வந்து சேர்ந்த நேரம் ஆகிய நான்கையும் கொண்டு, பயணத்துக்கு ஆன காலமும் இரு மணிக்கூடுகளுக்கிடையிலான வித்தியாசமும் கணிக்கப்படுகின்றன. அந்தப் பொதியின் தொடக்கத்திலேயே இரண்டு பிற்றுகள் லீப் செக்கனுக்காக ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் பெறுமதி 0 எனில் விசேடமாக எதுவும் இல்லை. 1 எனில் வரவிருக்கும் கடைசி நிமிடத்துக்கு 61 செக்கன்கள். 2 எனில் 59 செக்கன்கள். 3 எனில் அந்த வழங்கியே இன்னும் ஒத்திசைவு பெறவில்லை, அதை நம்ப வேண்டாம் என்று பொருள்.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு. லீப் செக்கனைச் செருகுவது என்.ரி.பி. அல்ல. 'இன்று நள்ளிரவில் ஒன்று வருகிறது' என்று அது பணிசெயல் முறைமையின் மையப் பகுதியான கருவுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கிறது, யு.ரி.சி. நள்ளிரவில் கருதான் மணிக்கூட்டைப் பின்னே வைக்கிறது. ஆகவே அந்தக் கணத்தில் வலையமைப்பு இணைப்பு இல்லாதிருந்தாலும் பாதகமில்லை. அதேவேளை, தவறான அறிவித்தல் ஒன்று உள்ளே போய்விட்டால், அதன் பிறகு இணைப்பைத் துண்டிப்பதாலும் பயனில்லை. கரு தனக்குச் சொல்லப்பட்டதைச் செய்தே தீரும்.

அறிவித்தல் மேலிருந்து கீழாக இறங்குகிறது. அணு மணிக்கூட்டுடனோ ஜி.பி.எஸ். வாங்கியுடனோ நேரடியாக இணைந்த முதலாம் அடுக்கு வழங்கிகள் அதனை முதலில் அறிகின்றன. அவற்றிடம் நேரம் கேட்கும் இரண்டாம் அடுக்கு, அதனிடம் கேட்கும் மூன்றாம் அடுக்கு என்று செய்தி பரவுகிறது. ஏதேனும் ஒரு வழங்கி பிற்றைத் தவறாக ஏற்றி வைத்திருந்தாலோ, லீப் செக்கன் முடிந்த பிறகும் இறக்காமல் விட்டிருந்தாலோ, அதைப் பின்பற்றுபவை இல்லாத செக்கனைச் செருகிவிடக்கூடும். இதைத் தவிர்க்க இரண்டு காப்புகள் உள்ளன. ஒன்று, நான்கு மூலங்களையாவது அமைத்து, பெரும்பான்மை சொல்வதை மட்டும் ஏற்பது. இரண்டாவது, இதுவரையிலான லீப் செக்கன்களின் அதிகாரபூர்வப் பட்டியல் கோப்பைக் கணினியிலேயே வைத்திருப்பது. அந்தக் கோப்புக்குக் காலாவதித் திகதி உண்டு. அதை ஒரு முறை நிறுவிவிட்டு மறந்துவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று உங்களைப் போன்ற பொறுப்பிலுள்ள எல்லோரையும் அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

செய்தி கிடைக்காத கணினியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது நள்ளிரவைச் சாதாரணமாகக் கடந்துவிடும். உலகத்தைவிட ஒரு செக்கன் முன்னே ஓடிக்கொண்டிருக்கும். வழக்கமான அமைப்பில் அது 64 செக்கன் முதல் 1,024 செக்கன் வரையிலான இடைவெளிகளில்தான் வழங்கியைக் கேட்கிறது. கேட்டதும் ஒரு செக்கன் வித்தியாசம் தெரியும்; அது 128 மில்லிசெக்கன் என்ற எல்லையைத் தாண்டியது என்பதால் உடனே நம்பாமல், சிறிது நேரம் பொறுத்து உறுதிசெய்துகொண்டு, மணிக்கூட்டை ஒரே தாவலில் பின்னே தள்ளும். தாவக் கூடாது, மெல்ல மெல்லத்தான் திருத்த வேண்டும் என்று நீங்கள் கட்டளையிட்டிருந்தால், மரபான என்.ரி.பி. நிரல் ஒரு செக்கனில் ஆகக் கூடியது அரை மில்லிசெக்கனையே சரிசெய்யும். முழுச் செக்கனும் சரியாவதற்கு 2,000 செக்கன்கள், அதாவது அரை மணித்தியாலத்துக்கும் மேல் ஆகும். 'குரோனி' என்னும் மாற்று நிரலை மெல்லத் திருத்துமாறு அமைத்தால், லினக்ஸில் ஏறத்தாழ 12 செக்கன்களில் அது முடித்துவிடுகிறது.

கேள்வி: லீப் செக்கனால் பெரிய இணையத்தளங்களே முடங்கின என்று படித்தேன். உள்ளே நடந்தது என்ன?
– கணினி விஞ்ஞான மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: இரண்டு நிகழ்வுகளை விளங்கிக்கொண்டால் போதும்.

முதலாவது 2012 ஜூலை முதலாம் திகதி, நமக்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. லினக்ஸ் கரு செக்கனைச் சரியாகவே செருகியது. ஆனால் நேரம் மாறிவிட்டது என்ற செய்தியைத் தன் உள்ளே இருந்த நுண் காலக்கணிப்பிகளுக்குச் சொல்லத் தவறியது. அவை உலகத்தைவிட ஒரு செக்கன் முன்னே இருப்பதாக எண்ணிக்கொண்டே இயங்கின. 'இன்னும் அரைச் செக்கன் கழித்து என்னை எழுப்பு' என்று ஒரு நிரல் கேட்டால், அந்த நேரம் ஏற்கெனவே கடந்துவிட்டது என்று அக்கணமே எழுப்பப்பட்டது. அது மறுபடி கேட்டது, மறுபடி அக்கணமே எழுப்பப்பட்டது. ஓய்வாக இருந்திருக்க வேண்டிய செயலிகள் இந்த வீண் சுழற்சியில் முழு வேகத்தில் ஓடித் திணறின. ரெடிட், மொசில்லா போன்றவற்றின் சேவைகள் பாதிக்கப்பட்டன. குவாண்டாஸ் விமானப் பயணிகளின் பதிவும் தாமதமானது. மணிக்கூட்டை அதே நேரத்துக்குக் கையால் ஒரு முறை மீள அமைத்தாலே கோளாறு நீங்கிவிடும் என்பதைப் பலர் அன்றுதான் கண்டறிந்தார்கள்.

இரண்டாவது 2017 ஜனவரி முதலாம் திகதி, கிளவுட்ஃபிளேர் என்னும் இணையச் சேவை நிறுவனத்தின் பெயர்த்தீர்வு நிரலில், அதாவது இணையத்தளப் பெயருக்குரிய முகவரியைத் தேடித் தரும் நிரலில் நிகழ்ந்தது. ஒரு வழங்கி பதிலளிக்க எடுத்த காலத்தை, முடிவு நேரத்திலிருந்து தொடக்க நேரத்தைக் கழித்து அந்த நிரல் கணித்தது. மணிக்கூடு பின்வாங்கிய கணத்தில் விடை பூச்சியத்துக்குக் கீழே போனது. பின்னர் அந்த எண், எதிர் எண்ணை ஏற்காத ஒரு செயற்பாட்டுக்குக் கொடுக்கப்பட்டது, நிரல் நின்றுபோனது. அந்த நிரல் எழுதப்பட்ட 'கோ' என்னும் நிரல்மொழியில் அப்போது, கழிந்த நேரத்தை அளக்க ஒருபோதும் பின்வாங்காத மணிக்கூட்டைப் பயன்படுத்தும் வசதி நேரடியாக இருக்கவில்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் வெளிவந்த பதிப்பில் அது சேர்க்கப்பட்டது.

நீங்கள் மாணவி என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பணிசெயல் முறைமைகள் இரு வகை மணிக்கூடுகளைத் தருகின்றன: நாள்–நேரம் சொல்லும் ஒன்று, முன்னோக்கி மட்டுமே ஓடும் ஒன்று. எத்தனை மணிக்கு நடந்தது என்று பதிவதற்கு முதலாவது. எவ்வளவு நேரம் எடுத்தது என்று அளப்பதற்கு இரண்டாவது. இவ்விரண்டையும் மாற்றிப் பயன்படுத்தாத நிரலாளரின் நிரலை லீப் செக்கன் பெரும்பாலும் தொடுவதில்லை.

கேள்வி: நான் வாகன சாரதி. ஜி.பி.எஸ். செய்மதிகளும் செக்கனை மாற்றினால் வழி தவறாதா?
– வாசகர், மட்டக்குளி

பதில்: அவை மாற்றுவதில்லை. ஒளி ஒரு செக்கனில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் செல்வதால், இடங்காணும் கணக்கின் நடுவே ஒரு செக்கனைச் செருகுவதை அதை வடிவமைத்தவர்கள் ஏற்கவில்லை. ஜி.பி.எஸ். நேரம் 1980 ஜனவரி 6இல் யு.ரி.சி.யுடன் பொருந்தித் தொடங்கி, அதன் பிறகு இடையறாது ஓடுகிறது. அதனால் இன்று 18 செக்கன்கள் முன்னே நிற்கிறது. 'இத்தனை செக்கனைக் கழித்துக் காட்டு' என்ற தகவலைச் செய்மதிகள் தனியே ஒலிபரப்புகின்றன. நெடுநாள் அணைத்து வைத்திருந்த கருவி அந்தத் தகவலைப் பெறும் வரை, சில நிமிடங்களுக்கு நேரத்தை மட்டும் சில செக்கன் பிழையாகக் காட்டலாம், பாதை பிழைக்காது.

கேள்வி: எங்கள் நிதி நிறுவனத்தின் கணினிகளில் நேர மூலங்களாகக் கூகிளின் வழங்கி ஒன்றையும் பொதுத் தொகுதியைச் சேர்ந்த மூன்று வழங்கிகளையும் சேர்த்து அமைத்திருக்கிறோம். பல மூலங்கள் இருப்பது நல்லது என்றுதான் அவ்வாறு செய்தோம். இது சரியா?
– தகவல் தொழில்நுட்பப் பிரிவு அலுவலர், தெஹிவளை

பதில்: பல மூலங்கள் நல்லவைதான். ஆனால் இந்தச் சேர்க்கை சரியல்ல. அடுத்த லீப் செக்கன் வருவதற்கு முன் இதை மாற்றிவிடுங்கள்.

காரணம் இது. 2008ஆம் ஆண்டின் லீப் செக்கனிலிருந்து கூகிள் வேறொரு வழியைக் கையாள்கிறது. ஒரு செக்கனை ஒரே கணத்தில் செருகாமல், பல மணித்தியாலங்களின் மேல் தடவிவிடுவது அந்த வழி. இப்போது அந்நிறுவனம் அறிவித்துள்ள முறைப்படி, லீப் செக்கனுக்கு முந்திய யு.ரி.சி. நண்பகல் தொடங்கி அடுத்த நண்பகல் வரை, அதாவது நமக்கு மாலை 5.30 முதல் மறுநாள் மாலை 5.30 வரை, ஒவ்வொரு செக்கனும் ஏறத்தாழ 11.6 மைக்ரோசெக்கன் நீட்டப்படுகிறது. 24 மணித்தியால முடிவில் ஒரு முழுச் செக்கன் கரைந்துவிடுகிறது. எந்த மணிக்கூடும் பின்வாங்குவதில்லை, எந்த எண்ணும் இரு முறை வருவதில்லை. அமேசானும் 24 மணித்தியாலங்களையே தெரிவுசெய்தது. மெற்றா நிறுவனம் 17 மணித்தியாலங்களை எடுத்துக்கொள்கிறது. பொறியியல் நோக்கில் இது அழகான தீர்வு என்றே கருதுகிறேன்.

ஆனால் அந்த 24 மணித்தியாலங்களில் தடவிய நேரம் யு.ரி.சி. அல்ல. நடுவில், நம் விடியற்காலை ஐந்தரை மணியளவில், அது உண்மையான நேரத்திலிருந்து அரைச் செக்கன் விலகி நிற்கிறது. உங்கள் கணினி அப்போது மூன்று வழங்கிகளிடம் ஒரு நேரத்தையும் நான்காவதிடம் வேறொரு நேரத்தையும் கேட்கும். மில்லிசெக்கன்களில் அளந்து முடிவெடுக்கும் நிரலுக்கு அரைச் செக்கன் மிகப் பெரிது. மூன்றுக்கு ஒன்று என்பதால் கூகிளைப் பொய்யென்று ஒதுக்கிவிடும், பரவாயில்லை என்று நீங்கள் நினைக்கலாம். அந்த மூன்றில் இரண்டு அன்று பதிலளிக்காவிட்டால் மிஞ்சுவது ஒன்றுக்கு ஒன்று. எது மெய்யென்று முடிவுசெய்ய அதற்கு வழியே இல்லை. ஒன்றையும் நம்பாமல் இருந்துவிடும், அல்லது இங்கும் அங்குமாக அலையும். கூகிளே தன் நேரத்தைப் பிறருடைய நேரத்தோடு கலக்க வேண்டாம் என்று சொல்கிறது.

இன்னொரு பொறியும் உண்டு. தடவிய நேரத்தை மட்டுமே வாங்கும் கணினியில், நான் முன்னே சொன்ன லீப் செக்கன் பட்டியல் கோப்பும் நடைமுறையில் இருந்தால், ஏற்கெனவே பாதி தடவப்பட்ட செக்கனின் மேல் கரு இன்னொரு முழுச் செக்கனைச் செருகிவிடும். தடவும் மூலங்களைத் தெரிவுசெய்பவர்கள் அந்தக் கோப்பைப் பயன்படுத்தாதபடி அமைக்க வேண்டும். தடவாத மூலங்களைத் தெரிவுசெய்பவர்கள் அதைப் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டில் எது உங்களுக்கு உகந்தது? நிதி நிறுவனத்தின் பதிவுகள் நாளை ஒரு வழக்கிலோ கணக்காய்விலோ சான்றாக நிற்கக்கூடியவை. அவற்றில் எழுதப்படும் நேரம் யு.ரி.சி. வழியே இலங்கை நியம நேரத்துடன் பொருந்த வேண்டும். நம் நாட்டில் அந்த நேரத்தைப் பேணும் பொறுப்பு அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்துக்கு உரியது. எனவே தடவாத மூலங்களை மட்டும் வைத்திருங்கள் என்பதே என் ஆலோசனை. பரிமாற்றங்களின் முன்பின் வரிசையை மணிக்கூட்டிடம் கேட்காமல், தரவுத்தளம் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கும் தொடரிலக்கத்திடம் கேட்கும்படி மென்பொருளை அமைத்துவிட்டால், ஒரே செக்கன் இரு முறை வந்தாலும் கணக்கு குழம்பாது. லீப் செக்கன் நமக்கு விடியற்காலையில் வருவது ஒரு வசதி. 2015 ஜூலை முதலாம் திகதி, வேலை நாளான புதன்கிழமையன்று, டோக்கியோவில் அது காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னும் சிட்னியில் பத்து மணிக்குச் சற்று முன்னும், பங்குச்சந்தைகள் திறக்கும் வேளையில் வந்தது.

கேள்வி: இந்தச் செக்கனைச் சேர்ப்பதும் விடுவதும் பஞ்சாங்கக் கணிதத்தைப் பாதிக்குமா?
– வாசகர், செட்டியார் தெரு

பதில்: நடைமுறையில் பாதிக்காது. ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு விநாழிகை 24 செக்கன். லீப் செக்கன் அதிலும் சிறிய பகுதி. நம் நியம நேரம் 82.5 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டுக்கு உரியது, கொழும்போ 80 பாகைக்குச் சற்று மேற்கே இருக்கிறது. இதனால் நம் கைக்கடிகாரத்துக்கும் கொழும்பின் சராசரிச் சூரிய நேரத்துக்கும் இடையே ஏற்கெனவே 10 நிமிடத்துக்கு மேற்பட்ட வித்தியாசம் உண்டு. ஊருக்கு ஊர் உதய நேரத்தைத் திருத்திக்கொள்ளும் பஞ்சாங்கக்காரர்களுக்கு ஒரு செக்கன் பொருட்டல்ல.

கேள்வி: லீப் செக்கனையே ஒழிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் நாம் இனி இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?
– மென்பொருள் பொறியியலாளர், வத்தளை

பதில்: ஒழிக்க இணங்கியிருக்கிறார்கள், இன்னும் ஒழியவில்லை. நிறைகள், அளவைகள் பற்றிய பொது மாநாடு 2022 நவம்பரில் பிரான்ஸின் வெர்சாயில் கூடி, பூமியின் நேரத்துக்கும் அணு நேரத்துக்கும் இடையில் அனுமதிக்கப்படும் விலகலை 2035ஆம் ஆண்டுக்குள் பெரிதாக்குவதென்று தீர்மானித்தது. 2023இல் துபாயில் நடந்த உலக வானொலித் தொடர்பு மாநாடும் இதை ஏற்றது; பழைய கருவிகளை மாற்ற முடியாதவர்களுக்குச் சில சந்தர்ப்பங்களில் 2040 வரை அவகாசம் தேவைப்படலாம் என்றும் கூறியது. இந்தத் தீர்மானம் சரியானதென்றே நினைக்கிறேன். மணிக்கூட்டுக்கும் சூரியனுக்கும் இடையே நூற்றாண்டொன்றில் ஒரு நிமிடமளவு விலகல் நேர்வதை, பத்து நிமிட விலகலோடு வாழும் நம்மில் எவரும் உணரப்போவதில்லை. ஆறு மாதத்துக்கு முன்புதான் தெரியவரும் ஒரு செக்கனுக்காக உலகின் எல்லாக் கணினிகளும் ஒரே இரவில் பரீட்சை எழுத வேண்டியிருப்பது அதைவிடப் பெரிய சுமை. வானியலாளர்களின் வேலை இதனால் சற்றுக் கூடும். தொலைநோக்கிகளை இயக்கும் மென்பொருள்களில், இரு நேரங்களும் ஒரு செக்கனுக்குள் பொருந்தும் என்ற எடுகோளை அவர்கள் களைய வேண்டியிருக்கும்.

இடைப்பட்ட காலம்தான் கவனத்துக்குரியது. 2017க்குப் பிறகு ஒரு லீப் செக்கனும் தேவைப்படவில்லை, ஏனெனில் பூமி அண்மைக் காலமாகச் சற்று விரைவாகச் சுழல்கிறது. 2022 ஜூன் 29ஆம் திகதி, நாள் 24 மணித்தியாலங்களைவிட 1.59 மில்லிசெக்கன் குறைவாக இருந்தது. இந்தப் போக்கு நீடித்தால், வரலாற்றில் ஒரு தடவைகூட நிகழாத எதிர் லீப் செக்கன் தேவைப்படலாம்: 5:29:58இலிருந்து நேரே 5:30:00. உருகும் துருவப் பனியின் நீர் நடுக்கோட்டை நோக்கிப் பரவுவது சுழற்சியை ஓரளவு தணித்து, அந்தத் தேவையைப் பின்தள்ளுகிறது என்று 2024இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. கொள்கையளவில் எதிர் லீப் செக்கன் எளிது. எந்த எண்ணும் இரு முறை வராது, ஓர் எண் தவறிப்போகும், அவ்வளவே. ஆனால் அதைக் கையாளும் நிரல்வரிகள் பல முறைமைகளில் எழுதப்பட்டு, உண்மைச் சோதனையே காணாமல் கிடக்கின்றன. 27 முறை நடந்ததையே பிழையாகச் செய்த மென்பொருள்கள், ஒருமுறைகூட நடக்காததைச் சரியாகச் செய்யும் என்று நம்புவது கடினம்.

எனவே உங்கள் கேள்விக்கு என் பதில், கவலைப்பட வேண்டும் என்பதே. சோதனைக் கணினி ஒன்றில் மணிக்கூட்டை யு.ரி.சி. நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் முன்பாக வைத்து, கூட்டல், குறைத்தல் ஆகிய இரு அறிவித்தல்களையும் கொடுத்துப் பார்க்கலாம். அது ஒரு பிற்பகலில் முடிகிற வேலை. அதைச் செய்யும்போது மணிக்கூட்டை 2036 பெப்ரவரி 7ஆம் திகதிக்கும் நகர்த்திப் பாருங்கள். 1900 முதல் செக்கன்களை எண்ணிவரும் என்.ரி.பி.யின் 32 பிற்று எண்ணி, அன்று நம் நேரப்படி முற்பகல் 11 மணி 58 நிமிடம் 16 செக்கனுக்கு நிரம்பி மீண்டும் பூச்சியத்துக்குத் திரும்பும். லீப் செக்கன் நீக்கப்பட்டாலும் அந்தத் திகதி நீங்காது.